பதினெட்டு நிறைந்தால் முழுப்பேர்: கம்பியூட்டருக்கு "என்றால்" சொல்லிக் கொடுப்பது எப்படி?



கொஞ்ச நாளைக்கு முன் லயத்துப் பக்கம் போனபோது ஒரு தாய் என்னை மறித்துக் கேட்டார். "ஐயா, எங்க மகன் புரோகிராம் எழுதுறேன்னு சொல்லி ராத்திரியெல்லாம் கொப்பியில கிறுக்கிக்கிட்டு இருக்கான். வீட்டுல கம்பியூட்டரே இல்ல. இவன் அப்படி என்னதான் எழுதுறான்?"

நல்ல கேள்வி. அந்தத் தாய்க்கும் அந்த மகனுக்கும் சேர்த்தே இந்தப் பாடத்தை எழுதுகிறேன். நான் கம்பியூட்டர் பண்டிதன் இல்லை. சாதாரண தரத்தோடு படிப்பு நின்றுபோனது. மகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கிறேன் என்று பக்கத்தில் உட்கார்ந்து, கடைசியில் அவளிடமே கற்றுக்கொண்டவன். அதனால் எனக்கு விளங்கின மாதிரியே சொல்கிறேன். ஒரு கொப்பியும் பென்சிலும் இருந்தால் போதும். கம்பியூட்டர் இப்போதைக்கு வேண்டாம்.

முதலில் ஒரு நடந்த விசயம். தோட்டத்தின் பேர் வேண்டாம். சில வருடங்களுக்கு முன் ஒரு அக்கா சம்பளத் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "ஐயா, இந்த மாசம் மூணு நாள் சரியா பதினெட்டுக் கிலோ நெறுத்தேன். மூணு நாளும் அரைப்பேர் போட்டிருக்காங்க. பதினெட்டு நெறஞ்சா முழுப்பேர்னுதானே பேச்சு?" என்றார். அந்தத் தோட்டத்தில் அப்போது கணக்கு பதினெட்டுக் கிலோ. நான் காரியாலயத்துக்குப் போய்க் கேட்டேன். "கம்பியூட்டர்தான் கணக்குப் பார்க்கிறது, கம்பியூட்டர் பிழை விடாது" என்று பதில் வந்தது. எனக்கு மேற்கொண்டு என்ன கேட்பது என்று தெரியவில்லை. திரும்பி வந்துவிட்டேன். அந்த அக்காவின் முகத்தைப் பார்க்கவே வெட்கமாக இருந்தது.

அந்தக் கணக்கில் என்ன நடந்தது என்பதைப் பாடத்தின் நடுவில் சொல்கிறேன். அதற்கு முன் கம்பியூட்டர் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம்.

கம்பியூட்டர் ஒரு புதிய ஆள் மாதிரி. சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது. மேலே இருந்து கீழே ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டு போகும். நம்ம ஆள் என்றால் "அதான் தெரியுமே, அக்கா பதினெட்டு எடுத்தாச்சு, போடுங்க முழுப்பேர்" என்று சொல்வார். கம்பியூட்டருக்கு "அதான் தெரியுமே" என்பதே கிடையாது. நாம் எழுதிக் கொடுக்கிற அந்த வரிகளைத்தான் புரோகிராம் என்கிறோம். புரோகிராமில் முக்கியமான வித்தைகள் இரண்டு. ஒன்று "என்றால்". மற்றது "திரும்பத் திரும்ப". இந்த இரண்டும் விளங்கிவிட்டால் பாதி வழி தாண்டின மாதிரி.

உண்மையில் இந்த இரண்டும் மலையில் வேலை செய்கிற எல்லோருக்கும் கை வந்தவைதான். நிரையில் இறங்கினதும் என்ன செய்கிறீர்கள்? இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக இருந்தால் கிள்ளுகிறீர்கள், முத்தலாக இருந்தால் விட்டுவிடுகிறீர்கள். இது "என்றால்". அடுத்த செடிக்குப் போய் அதையே செய்கிறீர்கள், அதற்கடுத்த செடியிலும் அதையே. நிரை முடியும் வரை இது நடக்கிறது. இது "திரும்பத் திரும்ப". யோசித்தா செய்கிறீர்கள்? இல்லை. கை தானாகச் செய்கிறது. கம்பியூட்டருக்கு அந்தக் கை இல்லாததால் எல்லாவற்றையும் எழுத்தில் கொடுக்க வேண்டியிருக்கிறது.

"என்றால்"

ஒரு சின்னப் புரோகிராமைத் தமிழிலேயே எழுதுவோம். பதினெட்டு என்பது உதாரணத்துக்குத்தான். உங்கள் தோட்டத்தில் கணக்கு வேறாக இருக்கலாம்.

கிலோ >= 18 என்றால்:
    முழுப்பேர் போடு
இல்லையென்றால்:
    அரைப்பேர் போடு

முதல் வரியில் இருக்கிறதுதான் நிபந்தனை. அதற்குப் பதில் ஆம் அல்லது இல்லை, இரண்டில் ஒன்றுதான். ஆம் என்றால் அதன் கீழே தள்ளி எழுதின வேலை நடக்கும். இல்லை என்றால் அதைத் தாண்டிப் போய், "இல்லையென்றால்" என்பதன் கீழே இருக்கிற வேலை நடக்கும். இரண்டும் சேர்ந்து நடக்காது.

பஸ்கால், பைதன் என்ற மொழிகளைப் படிக்கிற பிள்ளைகளுக்கு "என்றால்" என்பதற்கு "இஃப்" என்றும், "இல்லையென்றால்" என்பதற்கு "எல்ஸ்" என்றும் வரும். ஆங்கிலத்தில் "இஃப்" முன்னால் வருகிறது, தமிழில் "என்றால்" பின்னால் வருகிறது. பல பிள்ளைகள் தடுமாறுவது அந்த இடத்தில்தான். விசயம் ஒன்றுதான், இடம்தான் மாறுகிறது. தமிழ்ச் சொற்களாலேயே புரோகிராம் எழுத "எழில்" என்று ஒரு மொழியும் இருக்கிறது. முத்தையா அண்ணாமலை என்பவர் செய்தது. அதில் நிபந்தனையை முதலில் எழுதி, பின்னால் "ஆனால்" என்று போடுவார்கள். நாம் பேசுகிற மாதிரியே இருக்கும். பரீட்சைக்கு அது வராது. ஆனாலும் இந்த வேலைக்கு ஆங்கிலம் கட்டாயம் என்று பயப்படுகிற பிள்ளைக்கு அதைக் காட்டினால் பயம் தெளியும்.

இனி அந்தக் குறியைப் பாருங்க. இரண்டு குறி இருக்கிறது.

கிலோ > 18 : கிலோ பதினெட்டை விடக் கூட.
கிலோ >= 18 : கிலோ பதினெட்டை விடக் கூட, அல்லது சரியாகப் பதினெட்டு.

பார்வைக்கு ஒரு சின்னக் கோடு இரண்டுதான் வித்தியாசம். அந்த அக்காவின் மூன்று அரை நாள் கூலி போனது இதிலேதான். நான் திரும்பி வந்த அன்று இரவு மகளிடம் இந்த விசயத்தைச் சொன்னேன். அவள் கேட்டாள்: "அப்பா, பத்தொன்பது எடுத்தவங்களுக்கு என்ன போட்டிருக்கு? பதினேழு எடுத்தவங்களுக்கு? சரியா பதினெட்டு எடுத்த வேற ஆள்களுக்கு?" அடுத்த நாள் லயத்தில் நாலைந்து பேரின் துண்டுகளை வாங்கிப் பார்த்தேன். பத்தொன்பதுக்கு முழுப்பேர். பதினேழுக்கு அரைப்பேர். சரியாகப் பதினெட்டுக்கு எல்லோருக்குமே அரைப்பேர். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. புரோகிராம் எழுதின ஆள் சமக் குறியை விட்டுவிட்டார், அவ்வளவுதான்.

இந்த முறை காரியாலயத்தில் நான் "கம்பியூட்டர் பிழை" என்று பேசவில்லை. "சரியாகப் பதினெட்டு எடுத்தால் உங்கள் கணக்கு என்ன செய்கிறது, ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள்" என்று மட்டும் கேட்டேன். கிளாக்கர் ஐயா நல்ல மனிதர். போட்டுக் காட்டினார். அரைப்பேர் வந்தது. அவருக்கே அதிர்ச்சி. பிறகு திருத்தினார்கள். அந்த மாதத்துப் பாக்கியையும் கொடுத்தார்கள். அதற்கு முந்தின மாதங்களுக்குக் கிடைக்கவில்லை. கொழுந்து நிறுத்த துண்டுகளை யாரும் எடுத்து வைத்திருக்கவில்லையே, எதைக் காட்டிக் கேட்பது?

ஆகவே பிள்ளைகளே, ஒரு நிபந்தனை எழுதினால் மூன்று எண்ணை வைத்துப் பாருங்கள்: எல்லைக்கு ஒன்று கீழே, சரியாக எல்லை, எல்லைக்கு ஒன்று மேலே. பதினேழு, பதினெட்டு, பத்தொன்பது. ஐந்தையும் ஐம்பதையும் வைத்துப் பார்த்துவிட்டு "சரியா வேலை செய்யுது" என்று சொல்லாதீர்கள். பிழை பெரும்பாலும் எல்லைக் கோட்டில்தான் ஒளிந்திருக்கும்.

இன்னும் ஒன்று. பைதனில் ஒரு "=" போட்டால் "இந்தப் பேருக்குள் இதை வை" என்று அர்த்தம். இரண்டும் சமமா என்று கேட்பதற்கு "==" என்று இரண்டு போட வேண்டும். இதில் தடுக்கி விழாத ஆளே இல்லை.

சில நேரம் நிபந்தனை இரண்டு சேர்ந்து வரும். மழையால் வேலையை நிறுத்தி அனுப்பின நாளிலும் முழுப்பேர் என்று ஒரு தோட்டத்தில் பேசிக்கொண்டார்கள் என்று வையுங்கள். அப்போது நிபந்தனை, "கிலோ >= 18 அல்லது மழையால் நிறுத்தினது" என்று வரும். "அல்லது" போட்டால் இரண்டில் ஒன்று உண்மையாக இருந்தாலே போதும். அதே இடத்தில் கை தவறி "மற்றும்" என்று எழுதிவிட்டால் என்ன ஆகும்? இரண்டும் உண்மையாக இருக்க வேண்டும். நல்ல வெயிலில் முப்பது கிலோ எடுத்தவருக்கும் அரைப்பேர்தான் விழும், ஏனென்றால் அன்றைக்கு மழை இல்லையே! ஒரு சொல் மாறினால் ஒரு மலையே ஏமாந்துபோகும்.

"திரும்பத் திரும்ப"

ஒரு நாள் கணக்கு முடிந்தது. ஆனால் மாதம் முழுக்க வேண்டும். ஒரே நான்கு வரியை முப்பது தடவை எழுதுவதா? வேண்டாம். "ஒவ்வொரு நாளுக்கும் இதைச் செய்" என்று ஒரு தடவை சொன்னால் போதும். இதை லூப் என்பார்கள். சுற்று என்று நாம் சொல்லலாம்.

பேர்க்கூட்டு = 0
மாதத்தின் ஒவ்வொரு நாளுக்கும்:
    அந்த நாளின் கிலோவை எடு
    கிலோ >= 18 என்றால்:
        பேர்க்கூட்டில் 1 கூட்டு
    இல்லையென்றால்:
        பேர்க்கூட்டில் அரை கூட்டு
பேர்க்கூட்டைக் காட்டு

இதை வாசித்ததும் கொஞ்சம் நில்லுங்கள். இதில் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. கண்டுபிடித்தீர்களா?

வேலைக்கே வராத நாளில் கிலோ பூச்சியம். பூச்சியம் பதினெட்டை விடக் குறைவு. ஆகவே "இல்லையென்றால்" என்ற பக்கம் போய் அரைப்பேர் விழுந்துவிடும்! வீட்டில் படுத்திருந்தவருக்கு அரைப்பேர். தோட்டம் சும்மா விடுமா? என் மகளும் இப்படித்தான் எழுதினாள். பிறகு "கிலோ பூச்சியம் என்றால் ஒன்றும் கூட்டாதே" என்று முன்னால் ஒரு வரி சேர்த்தாள். சரி என்று நினைத்தோம். அதிலும் ஒரு ஓட்டை. புல்லு வெட்டப் போனவர், கான் வெட்டப் போனவர், இஸ்டோரில் வேலை செய்தவர், இவர்கள் யாரும் கொழுந்து நிறுப்பதில்லை. நாள் முழுக்க முதுகு வளைத்தும் கிலோ பூச்சியம்தான். அவர்கள் பேர் மொத்தமாகப் போய்விடும்.

பூச்சியம் என்பதற்கு இரண்டு அர்த்தம் இருக்கிறது பாருங்கள். வரவில்லை என்பது ஒன்று, வந்தார் ஆனால் வேறு வேலை என்பது மற்றது. கிலோவை மட்டும் பார்த்து இதைப் பிரிக்க முடியாது. செக்ரோலில் வருகையையும் வேலையின் பேரையும் தனித்தனியாகக் குறித்திருக்க வேண்டும். அதன்பிறகு இப்படி எழுதலாம்:

வேலைக்கு வரவில்லை என்றால்:
    ஒன்றும் கூட்டாதே
அதுவும் இல்லை, சில்லறை வேலை என்றால்:
    1 கூட்டு
அதுவும் இல்லை, கிலோ >= 18 என்றால்:
    1 கூட்டு
எதுவுமே இல்லையென்றால்:
    அரை கூட்டு

கம்பியூட்டர் மேலிருந்து கேட்டுக்கொண்டு வரும். முதலில் எது "ஆம்" என்று வருகிறதோ அந்த வேலையைச் செய்துவிட்டு மிச்சத்தைப் பார்க்காமலே போய்விடும். அதனால் வரிசை முக்கியம். "கிலோ >= 18 என்றால்" என்பதை மேலே போட்டு, "கிலோ >= 25 என்றால் மேலதிகப் பணமும் சேர்" என்பதை அதற்குக் கீழே இரண்டாவது கேள்வியாகப் போட்டால் அந்த மேலதிகப் பணம் யாருக்குமே வராது. இருபத்தைந்து எடுத்தவரும் முதல் கேள்வியிலேயே "ஆம்" சொல்லி வெளியே போய்விடுவார் அல்லவா?

இப்போது பென்சிலை எடுங்கள். நாமே கம்பியூட்டராக இருந்து ஓட்டிப் பார்ப்போம். நாலு நாள் மட்டும். முதல் நாள் 18 கிலோ. இரண்டாம் நாள் வரவில்லை. மூன்றாம் நாள் 16 கிலோ. நாலாம் நாள் புல்லு வெட்டு.

தொடங்கும்போது: பேர்க்கூட்டு 0
1ஆம் நாள்: 18 கிலோ, முழுப்பேர், பேர்க்கூட்டு 1
2ஆம் நாள்: வரவில்லை, பேர்க்கூட்டு 1
3ஆம் நாள்: 16 கிலோ, அரைப்பேர், பேர்க்கூட்டு ஒன்றரை
4ஆம் நாள்: சில்லறை வேலை, முழுப்பேர், பேர்க்கூட்டு இரண்டரை

அந்த மகன் ராத்திரியில் கொப்பியில் கிறுக்குவது இதுதான் அம்மா. வேலை தெரிந்தவர்களும் சிக்கல் வந்தால் இப்படித்தான் காகிதத்தில் ஓட்டிப் பார்ப்பார்கள். அவனைத் திட்டாதீர்கள். முடிந்தால் உங்கள் சம்பளத் துண்டையும் கையில் கொடுங்கள், அதை வைத்துப் பழகட்டும்.

இது ஒரு ஆளின் கணக்கு. தோட்டத்தில் எத்தனை பேர்! அப்போது சுற்றுக்குள் சுற்று வரும். "ஒவ்வொரு ஆளுக்கும்" என்று ஒரு வெளிச் சுற்று, அதற்குள் "ஒவ்வொரு நாளுக்கும்" என்று ஒரு உள் சுற்று. இங்கே "பேர்க்கூட்டு = 0" என்ற அந்தச் சாதாரண வரி எங்கே நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வெளிச் சுற்றுக்குள், உள் சுற்றுக்கு முன்னால் நிற்க வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு ஆளுக்கும் புதிதாகப் பூச்சியத்திலிருந்து தொடங்கும். இரண்டு சுற்றுக்கும் வெளியே வைத்துவிட்டால் முதல் ஆளின் 22 பேர் இரண்டாவது ஆளின் கணக்கில் ஏறும், மூன்றாவது ஆளுக்கு இரண்டு பேருடையதும் சேரும். தராசில் முந்தின ஆளின் கொழுந்தை இறக்காமல் அடுத்த ஆளின் சாக்கை ஏற்றின மாதிரி. உள் சுற்றுக்குள் வைத்தாலோ ஒவ்வொரு நாளும் பூச்சியமாகிவிடும். கடைசி நாள் மட்டும்தான் மிஞ்சும்.

நாள் எண்ணுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. பைதனில் "ரேஞ்ச்" என்று எழுதி அடைப்புக்குள் 1, 31 என்று போட்டால் ஒன்றிலிருந்து முப்பத்தொன்று வரை ஓடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஓடாது. முப்பதோடு நின்றுவிடும். இரண்டாவது எண்ணைத் தொடாமல் அதற்கு முன்னால் நிற்பது அந்த மொழியின் பழக்கம். முப்பத்தொரு நாள் மாதத்துக்கு 1, 32 என்று போட வேண்டும். பஸ்காலில் அப்படி இல்லை, 1 இலிருந்து 31 வரை என்றால் முப்பத்தொன்றும் சேரும். சாதாரண தரத்தில் பஸ்கால் படித்துவிட்டு உயர்தரத்தில் பைதனுக்குப் போகிற பிள்ளைகள் இதில் கவனம். மாதக் கடைசி நாளின் பேர் விடுபட்டால் எத்தனை வீட்டில் சண்டை வரும் என்று எனக்குத் தெரியும்.

"வரை"

இதுவரை பார்த்த சுற்றில் எத்தனை தடவை என்று முன்கூட்டியே தெரியும். சில நேரம் தெரியாது. கூடை நிறையும் வரை எடு என்றால் எத்தனை கைப்பிடி என்று யார் எண்ணுவது? அதற்கு வேறொரு சுற்று. பைதனில் "வைல்" என்பார்கள். நிபந்தனை உண்மையாக இருக்கும் வரை சுற்றிக்கொண்டே இருக்கும்.

கூடை = 0
கூடை < 10 ஆக இருக்கும் வரை:
    ஒரு கைப்பிடி எடு
    கூடையில் அந்த எடையைக் கூட்டு
மடுவத்துக்குப் போ

இதில் "கூடையில் கூட்டு" என்ற வரியை மறந்துவிட்டால்? எடுத்துக்கொண்டே இருப்பார். கூடை பூச்சியத்திலேயே நிற்கும். பூச்சியம் பத்தை விடக் குறைவுதான். மடுவத்துக்குப் போகவே மாட்டார். முடிவில்லாத சுற்று. கம்பியூட்டர் திடீரென்று உறைந்துபோய் எந்தப் பொத்தானுக்கும் மசியாமல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். பல நேரம் உள்ளே இப்படி ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும்.

சும்மா பயமுறுத்துகிறேன் என்று நினைக்காதீர்கள். மைக்ரோசொப்ட் கம்பனியில் எத்தனை கெட்டிக்காரர்கள் இருப்பார்கள்? அவர்கள் பாட்டுக் கேட்க "சூன்" என்று ஒரு சின்னப் பெட்டி விற்றார்கள். 2008 டிசம்பர் 31ஆம் தேதி அதில் ஒரு வகைப் பெட்டிகள் எல்லாம் ஒரே நாளில் உறைந்து நின்றன. காரணம் நாம் இன்று படித்த இரண்டும்தான், ஒரு "என்றால்", ஒரு "வரை".

பெட்டிக்குள் இருந்த கடிகாரம் 1980 தொடக்கத்திலிருந்து எத்தனை நாள் போனது என்று மட்டும் எண்ணி வைத்திருக்கும். அதிலிருந்து இது எந்த வருடம் என்று கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு வருடமாகக் கழித்துக்கொண்டே வருவார்கள். லீப் வருடம், அதாவது நெட்டாண்டு என்றால் 366, மற்றதுக்கு 365. அந்தக் கணக்கு கிட்டத்தட்ட இப்படி:

நாள் > 365 ஆக இருக்கும் வரை:
    லீப் வருடம் என்றால்:
        நாள் > 366 என்றால்:
            நாளில் 366 கழி, வருடத்தில் 1 கூட்டு
    இல்லையென்றால்:
        நாளில் 365 கழி, வருடத்தில் 1 கூட்டு

2008 லீப் வருடம். டிசம்பர் 31 என்பது அந்த வருடத்தின் 366ஆம் நாள். பென்சிலை வைத்து ஓட்டிப் பாருங்கள். கழித்துக் கழித்து 2008க்கு வந்ததும் நாள் 366 என்று மிஞ்சும். 366 என்பது 365ஐ விடக் கூடவா? ஆம், உள்ளே போ. லீப் வருடமா? ஆம். 366 என்பது 366ஐ விடக் கூடவா? இல்லை, சமம். ஆகவே ஒன்றும் கழிக்காதே. "நாள் 366 ஆக இருந்தால் நிறுத்து" என்று யாரும் எழுதி வைக்கவில்லை. மறுபடி மேலே போ. 366 என்பது 365ஐ விடக் கூடவா? ஆம், உள்ளே போ. இப்படியே பற்றரி தீரும் வரை. அடுத்த நாள் 367 ஆனதும் தானாகச் சரியாகிவிட்டது. கம்பனி சொன்ன வைத்தியமும் அதுதான்: பற்றரி முழுக்க இறங்க விடுங்கள், புது வருடம் பிறந்த பிறகு போடுங்கள்.

பார்த்தீங்களா? அந்த அக்காவின் சரியாகப் பதினெட்டும், இந்தப் பெட்டியின் சரியாக 366உம் ஒரே குடும்பத்துப் பிழை. பெட்டிக்காரருக்கு ஒரு நாள் பாட்டு இல்லை. அக்காவுக்கு மூன்று அரை நாள் கூலி இல்லை.

நடுவில் ஒரு செய்தி. வியாபாரக் கணக்குக்கு முதன்முதல் கம்பியூட்டரைப் பிடித்தது யார் தெரியுமா? ஒரு தேத்தண்ணிக் கடைக்காரக் கம்பனிதான். இங்கிலாந்தில் ஜே. லயன்ஸ் என்ற கம்பனி ஊரெல்லாம் தேத்தண்ணிக் கடை நடத்தியது, தேயிலையும் விற்றது. அவர்கள் சொந்தமாகவே "லியோ" என்று ஒரு கம்பியூட்டர் கட்டி, 1951இல் அதில் வெதுப்பகக் கணக்குப் போடத் தொடங்கினார்கள். அடுத்த சில வருடங்களிலேயே வேலையாட்களின் சம்பளக் கணக்கும், எந்தத் தேயிலையை எதோடு எவ்வளவு கலப்பது என்ற கணக்கும் அதற்குள் போனது. சம்பளக் கணக்கு என்பது ஆள் ஆளாகச் சுற்றி, ஒவ்வொரு ஆளுக்கும் பத்து "என்றால்" கேட்கிற வேலை. கம்பியூட்டருக்கு அதை விடப் பொருத்தமான வேலை இல்லை. ஆக, தேயிலைக்கும் கம்பியூட்டருக்கும் உறவு பழையது.

இனிப் பயிற்சி. மூன்றே மூன்று.

ஒன்று. பிள்ளைக் காம்பராவில் 5 வயது நிறையாத பிள்ளைகளை மட்டும் சேர்ப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் "வயது <= 5 என்றால் சேர்" என்று எழுதியிருக்கிறார். எந்தப் பிள்ளையின் விசயத்தில் இது பிழைக்கும்? எந்த மூன்று வயதை வைத்துப் பரிசோதிப்பீர்கள்?

இரண்டு. லயத்துத் தண்ணித் தாங்கி 500 லீற்றர். நிமிடத்துக்கு 8 லீற்றர் விழுகிறது. தாங்கி நிறையும் வரை எண்ணி, எத்தனை நிமிடம் ஆனது என்று சொல்கிற சுற்றை எழுதுங்கள். "தாங்கி < 500 ஆக இருக்கும் வரை" என்று எழுதுவதா, "தாங்கி சரியாக 500 ஆக இல்லாத வரை" என்று எழுதுவதா? இரண்டையும் காகிதத்தில் ஓட்டிப் பாருங்கள். இரண்டாவதில் ஒரு வேடிக்கை நடக்கும்.

மூன்று. இது பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து செய்வது. ஒரு சின்னக் கொப்பியில் நாள், வேலை, கிலோ என்று மூன்று கோடு போட்டு, மடுவத்தில் நிறுத்த துண்டைப் பார்த்து ஒவ்வொரு பின்னேரமும் எழுதுங்கள். துண்டையும் எறியாமல் அதற்குள்ளேயே சொருகி வையுங்கள். மாத முடிவில் உங்கள் தோட்டத்துக் கணக்குப்படி "என்றால்"களை எழுதி, பிள்ளை காகிதத்தில் சுற்றை ஓட்டட்டும். வந்த விடையையும் சம்பளத் துண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் முதலில் உங்கள் கணக்கை ஒரு தரம் சரிபாருங்கள். அதன்பிறகும் வித்தியாசம் இருந்தால் எந்த நாள், எத்தனை கிலோ என்று குறித்துக்கொண்டு என்னிடம் வாருங்கள். கொப்பி இல்லாதவர்களுக்கு நலன்புரிக் காரியாலயத்தில் கொஞ்சம் இருக்கிறது, பிள்ளையை அனுப்பினால் கொடுக்கிறேன்.

முதல் இரண்டின் விடை அடுத்த இதழில்.